அண்டை வீட்டாரை எழுப்பிய கார்



உங்கள் வீட்டில் காரோ மோட்டார் சைக்கிளோ இருக்குமானால், அதிகாலையில் நீங்கள் அதைக் கிளப்பும் நேரத்தில் எதிர்வீட்டில் என்ன நடக்கிறது என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா? அண்டை வீட்டாரின் உரிமைகளைப் பற்றி எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டுத் தலையசைத்தவன்தான் நான். ஆயினும் என் காரையும் அந்த உரிமையையும் ஒருநாளும் சேர்த்து எண்ணிப் பார்த்ததில்லை.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது எங்கள் ஊராகிய காரியாபட்டி. மதுரையில் எனக்கு ஒரு சிறு கடை உண்டு. பஜ்ருத் தொழுகை முடிந்ததும் பழைய பெட்ரோல் காரை எடுத்துக்கொண்டு புறப்படுவது என் வழக்கம். அந்தக் காரின் சைலன்சர் நாளடைவில் துருப்பிடித்து, உள்ளேயிருந்த தடுப்புத் தகடுகள் உதிர்ந்துபோயின. அன்று முதல் அது கிளம்பினால் தெருவே அதிரும். "ஓடுகிற வரை ஓடட்டும்" என்று நானும் விட்டுவிட்டேன்.

எதிர்வீட்டில் வயது முதிர்ந்த ஓர் அம்மையார் இருக்கிறார். அவருடைய மகன் கல்குவாரித் தொழிலாளி. நான் காரைக் கிளப்பும்போதெல்லாம் அவர் கதவைத் திறந்துகொண்டு வாசலில் வந்து நிற்பார். அதிகாலையில் எழும் பழக்கமுள்ளவர் போலும் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் அதைச் சொல்லிப் பாராட்டவும் செய்தேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அதெல்லாம் ஒண்ணுமில்ல பாய். உங்க வண்டிதான்னு தெரியும். தெரிஞ்சும் மனசு கேக்க மாட்டேங்குது."

2024 மே 1 அன்று எங்கள் வட்டத்தில், ஆவியூர்ப் பகுதியில் உள்ள ஒரு கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அவருடைய மகன் அன்று வேறு இடத்தில் வேலையாயிருந்தார். நலமாக வீடு திரும்பினார். ஆனால் அவர் வந்து சேரும்வரை அந்தத் தாய் பட்ட பாடு அவருடைய உடலில் தங்கிவிட்டது. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதையும் மறவாத மாவட்டம் இது. இங்கே எதிர்பாராத சத்தம் என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது வேலைக்குச் சென்றிருக்கும் தம் பிள்ளைகளின் முகம்தான். என் கார் நாள்தோறும் அதிகாலையில் அந்த அம்மையாரை வாசலுக்கு இழுத்திருக்கிறது. அவரோ ஒரு சொல் குறை கூறியதில்லை.

வெட்கம் என்னை வாட்டியது. அன்று மாலையே காரியத்தில் இறங்கினேன். பட்டறைக்குப் போகாமல் நானே சரிசெய்துவிடலாம் என்ற அசட்டுத் துணிச்சல் வேறு! பாத்திரம் துலக்கும் கம்பி நாரைச் சுருட்டிப் புகைக்குழாயின் வாயில் திணித்து, துளையிட்ட தகரமூடி ஒன்றையும் வைத்து முடுக்கினேன். சத்தம் அடங்கியது. பெரிய விஞ்ஞானியைப் போல் பூரித்துப்போனேன்.

அந்த ஞாயிறன்று மனைவி மக்களுடன் மதுரைக்குப் புறப்பட்டேன். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு. மழை பெய்ததால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டிருந்தோம். கார் மேடு ஏறவே திணறியது. பாதி வழியில் மகள் தலை வலிக்கிறது என்றாள். சற்றைக்கெல்லாம் சிறியவன் வாந்தியெடுத்தான். என் மனைவிக்கும் தலை சுற்றியது. நல்லவேளையாக வண்டியை ஓரங்கட்டி எல்லோரையும் கீழே இறக்கினேன். ஈரக்காற்றில் நிற்க நிற்கப் பிள்ளைகள் தெளிந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்!

மறுநாள் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் காரைக் காட்டினேன். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து சொன்னார்: "பாய், சத்தத்தை அடைக்கிறேன்னு புகையையும் சேர்த்து அடைச்சுட்டீங்களே!"

பின்வழி அடைபட்டதால் புகை எதிர் அழுத்தத்தில் தேங்கி, துருப்பிடித்த இணைப்பின் ஓட்டை வழியே காரின் அடிப்பாகத்தில் கசிந்து, கியர்க் கம்பியின் இடுக்கு வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமாக ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், அதன்பின் மயக்கம். மேலும் மூச்சில் ஏறினால் மரணம். அவர் சொல்லச் சொல்ல என் கைகால்கள் நடுங்கின.

பின்னர் அவர் எங்கள் மாவட்டத்துக்கே உரிய உவமை ஒன்றால் சத்தத்தின் இரகசியத்தை விளக்கினார். அணுகுண்டு வெடியைச் சணல் நூலால் இறுக்கிச் சுற்றுகிறார்கள். உள்ளே பிறக்கும் வாயு வெளியேற வழியின்றி ஒரே கணத்தில் உடைத்துக்கொண்டு வருவதால் அது வெடிக்கிறது. புஸ்வாணத்துக்கோ வாய் திறந்திருக்கிறது. மருந்துக் கலவை வேறு என்பது உண்மையே. ஆயினும் வாயு சிறிது சிறிதாக வெளியேறுவதால்தான் அது வெடிக்காமல் சீறுகிறது.

எஞ்சினும் ஒரு சரவெடிதான். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்றுச் சுற்றினால், நிமிடத்துக்கு 1800 முறை, அதாவது நொடிக்கு 30 முறை சூடான வாயு குழாய்க்குள் பாய்கிறது. நின்ற இடத்திலேயே ஆறு நிமிடத்துக்குள் ஒரு பத்தாயிரம் வாலா! அந்த வாயு விரிந்து தணிய இடமும் அவகாசமும் கொடுப்பதே சைலன்சரின் வேலை.

அவர் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சைலன்சர்ப் பெட்டியின் வெளிக்கூடு இன்னும் திடமாகவே இருந்தது. அதன் ஒரு முனையை வெட்டித் திறந்தார். நெடுகச் செல்லும் 40 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள இரும்புக் குழாய் ஒன்றை எடுத்து, அதன் நடுவில் ஒரு தகட்டை வைத்து அடைத்தார். அடைப்புக்கு முன்பாதியில் 6 மில்லிமீட்டர்த் துளைகள் அறுபது, பின்பாதியிலும் அறுபது. வாயு முன்துளைகள் வழியே பெட்டிக்குள் சிதறி, விரிந்து, தணிந்து, பின்துளைகள் வழியே மீண்டும் குழாய்க்குள் புகுந்து வெளியேறும்.

ஏன் அறுபது? குழாயின் வாய்ப்பரப்புக்குச் சமமாக 45 துளைகளேனும் வேண்டும். அதற்குக் குறைந்தால் மூச்சு முட்டும், கூடினால் பழுதில்லை என்றார். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை அவர் தொடவில்லை. அதை வெல்டிங் செய்தால் எழும் புகை காய்ச்சலைத் தருமாம். கசிந்த இணைப்புக்குப் புதிய கேஸ்கெட்டும் கிளாம்பும் போட்டார். "இது தற்காலிகம்தான் பாய், சீக்கிரம் புது சைலன்சர் மாட்டிடுங்க" என்றும் எச்சரித்தார். சில மாதங்களில் அவ்வாறே செய்தேன்.

அமெரிக்கர் ஹைரம் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். அந்த ஓசையிலேயே பல்லாண்டுகள் உழன்று செவிப்புலனை இழந்தார். அவருடைய மகன் ஹைரம் பெர்சி மாக்சிம் 1909-ஆம் ஆண்டு துப்பாக்கி ஓசையை அடக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனம் எஞ்சின்களுக்கும் ஓசையடக்கிகளைச் செய்தது. தந்தை எழுப்பிய ஓசையை மகன் தணித்தார்.

நம் வீடுகளில் இன்று பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. பிள்ளைகள் மோட்டார் சைக்கிளின் சைலன்சரிலிருந்து தடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு முழங்கிக்கொண்டு செல்கிறார்கள். வாகனத்துக்குச் சைலன்சர் இருந்தே தீரவேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி. 2019-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் ஒலி வரம்பை மீறுவோர்க்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலி 45 டெசிபலுக்கு மேற்படலாகாது என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். நான் பஜ்ருக்குப் பின் கிளம்பிய நேரம் பெரும்பாலும் சட்டத்தின் கணக்கில் இரவே!

ஆகவே பெற்றோர்களே, உங்கள் வாகனத்தின் ஓசை கூடியிருந்தால் அதை இந்த வாரமே பட்டறையில் காட்டுங்கள். குழாயின் வாயில் எதையும் திணிக்காதீர்கள். காருக்குள் பிள்ளைகள் தலைவலி என்றால் உடனே கண்ணாடியை இறக்கி, வண்டியை நிறுத்தி, அவர்களை வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள்.

பட்டறையிலிருந்து வந்த மறுநாள் அதிகாலையில் காரைக் கிளப்பிவிட்டு எதிர்வீட்டைப் பார்த்தேன். கதவு சாத்தியே இருந்தது. இரண்டு நாள் கழித்து அந்த அம்மையார் என்னைக் கண்டு, "என்ன பாய், ரெண்டு நாளா கடைக்குப் போகலையா? உடம்பு சுகமில்லையா?" என்று விசாரித்தார். அவர் நன்றாக உறங்கியிருக்கிறார்.