கேட்டரிங் படிப்பும் எங்கள் வீட்டுக் கணக்கும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். பத்துக் குறளையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். அதைக் கற்றுக்கொள்ள ஆண்டுக்கு எவ்வளவு கட்டணம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்த சண்டையில் பாதி நடந்திராது.

பதினோராம் வகுப்பை முடித்த என் தங்கை, பன்னிரண்டுக்குப் பிறகு ஓட்டல் மேனேஜ்மெண்ட் படிக்கப் போவதாக ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது அறிவித்தாள். எங்கள் தந்தையாரோ நெடுஞ்சாலையோரத்து உணவகம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பரோட்டா மாஸ்டர். ஓட்டல் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது கல்லின் வெக்கைதான்.

"மாவு பிசையிறதுக்கு நாலு லட்சமா தாயி? பக்கத்துல வந்து நில்லு, சும்மாவே சொல்லித் தர்றேன்" என்றார்.

"மாவு பிசையப் போகலப்பா. பிசையிறவங்களுக்குச் சம்பளம் போடுற இடத்துக்குப் போறேன்" என்றாள் அவள்.

அம்மா ஒன்றும் பேசாமல் கழுத்துச் சங்கிலியைத் தடவிக்கொண்டாள். வீட்டில் அடகு வைப்பதற்கு வேறு பொருள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

பொருளியல் மாணவன் ஒருவன் வீட்டில் இருக்கையில் கணக்குப் போடும் வேலை வேறு யார் தலையில் விழும்? மனித மூலதனம் என்னும் பாடத்தை எங்கள் பேராசிரியர் நடத்தியபோது தேர்வுக்கான ஐந்து மதிப்பெண் வினாவாகத்தான் அதைக் குறித்து வைத்தேன். கேரி பெக்கர் 1964-இல் அதே பெயரில் நூல் எழுதினார். தியோடர் ஷுல்ட்ஸ் 1979-இல் நோபல் பரிசு பெற்றார். படிப்புக்குப் போடும் பணம், தறி வாங்கப் போடும் பணத்தைப் போன்ற முதலீடே என்பதும், கட்டணம் மட்டுமன்றிப் படிக்கும் காலத்தில் ஈட்டாமல் விட்ட கூலியும் செலவில் சேரும் என்பதும் அக்கொள்கையின் சாரம். அது எங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்து உட்காரும் என்று நான் நினைத்ததில்லை.

தங்கை விரும்பியது சென்னைத் தரமணியில் 1963 முதல் நடந்துவரும் நடுவண் அரசு நிறுவனம். மூன்றாண்டுப் படிப்பு, பட்டம் தருவது தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம். கட்டணம், விடுதி, சீருடை, கத்திப் பெட்டி, ஊருக்குப் போய்வரும் செலவு எல்லாம் கூட்டியபோது நான் போட்ட கணக்கு நான்கு லட்சத்தைத் தொட்டது. நான் படிக்கும் இக்கல்லூரியில் எனக்குக் கல்விக் கட்டணம் இல்லை, பேருந்துக்கும் காசில்லை. போதாக்குறைக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் என் கணக்கில் விழுகிறது. ஆகவே, "அண்ணனைப் போல நீயும் இங்கேயே படி" என்ற அப்பாவின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று.

வங்கிக் கடன் வாங்கினால்? நான்கு லட்சத்துக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் மூன்றாண்டும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கிடையாது. ஆனால் வட்டி உறங்குவதில்லை. ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்காகப் பணம் பெற்றாலும், தவணை தொடங்கும் நாளில் தனி வட்டி மட்டும் 1,20,000 ரூபாய் ஏறியிருக்கும். அதையும் சேர்த்துப் பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 6,900 ரூபாய் கட்டவேண்டும். கணிதத் துறை நண்பர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வரவுப் பக்கம் என்ன? எங்கள் ஊரில் இப்படிப்பை முடித்த இருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். ஒருவர் 16,000 ரூபாயிலும் மற்றவர் 18,000 ரூபாயிலும் வேலையைத் தொடங்கியிருக்கின்றனர். வேலை நேரத்தில் சாப்பாடு உண்டு. அப்பாவுக்கு நாளொன்றுக்கு 900 ரூபாய். இருபத்தாறு நாள் நின்றால் 23,400. நான் இதைப் படித்துக் காட்டியதும் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அத்தோடு கணக்கை மூடியிருந்தால் தங்கை தோற்றிருப்பாள். மூடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. அப்பாவின் கூலி விலைவாசியின் பின்னால் மூச்சிரைக்க ஓடுகிறதே தவிர அவர் நிலை உயரவில்லை. இருபத்தாறு வயதில் எந்தக் கல்லின் முன் நின்றாரோ அதே கல்லின் முன் நாற்பத்தெட்டு வயதிலும் நிற்கிறார். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது. வைப்பு நிதி இல்லை, விடுப்பெடுத்தால் கூலியில்லை. பெரிய ஓட்டல் சமையற்கூடத்திலோ படிக்கட்டு இருக்கிறது. கோமி என்னும் கடைநிலை உதவியாளரில் மூன்று படி, பிறகு ஒரு பகுதியின் பொறுப்பாளர், அதற்கு மேல் துணைத் தலைமைச் சமையலர், உச்சியில் தலைமைச் சமையலர். எல்லோரும் ஏறிவிடுவதில்லை, பாதியில் இறங்கி வங்கிக்கும் மருத்துவமனைக்கும் கடைத் தொடருக்கும் போவோர் பலர். அங்கெல்லாமும் இப்பட்டம் செல்லும் என்பது அதன் தனி வலிமை.

1922-இல் சிம்லா செசில் ஓட்டலில் மாதம் 50 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்த மோகன்சிங் ஓபராய் எந்த ஓட்டல் பள்ளியில் படித்தார் என்று அப்பா கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் திணறியிருப்பேன். ஆனால் அதே ஓபராயின் நிறுவனம்தான் 1966-இல் தனக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. தான் ஏறிய வழி மற்றவர்க்குப் போதாது என்று அவரே கருதினார் போலும்!

2020-ஐயும் மறைக்கக் கூடாது. மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தபோது நட்சத்திர ஓட்டலும் சாலையோரக் கடையும் ஒரே நாளில் கதவடைத்தன. அப்பா வீட்டு வாசலில் இட்லி விற்றார். நான் விசாரித்த இருவரில் ஒருவர், பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுக் காய்கறி வண்டி ஓட்டினாராம்.

அருகிலுள்ள நகரத்துத் தனியார் கல்லூரி ஒன்றுக்கும் போய் வந்தோம். ஆறு லட்சம் ஆகும் என்றார்கள்; வழவழப்பான தாளில் "நூறு விழுக்காடு வேலை உறுதி" என்று அச்சிட்டிருந்தார்கள். "சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாண்டுக்குப் பின்னும் அதே தொழிலில் இருக்கிறார்கள்?" என்று தங்கை கேட்டாள். எங்களுக்குத் தேநீர் வந்தது, பதில் வரவில்லை.

பெண்பிள்ளை இரவு வேலை பார்ப்பதா என்று அப்பத்தா ஒரு வாரம் முணுமுணுத்தார். அக்கம்பக்கத்துச் செவிலியர் பெண்களை அம்மா எடுத்துக்காட்டியதும் அது அடங்கிற்று.

அப்பாவை அசைத்தது என் கணக்கன்று. ஆவணி முகூர்த்தத்தில், தமக்குத் தெரிந்த கல்யாணச் சமையல் ஒப்பந்தக்காரரிடம் தங்கையை மூன்று நாள் அனுப்பி வைத்தார். இரண்டாம் நாளே ஓடி வந்துவிடுவாள் என்பது அவர் திட்டம். வெங்காயம் உரித்தாள், இலை போட்டாள், பந்தி பரிமாறினாள், அண்டா கழுவினாள். வீங்கிய காலோடு வந்து விழுந்தவள் மறுநாள் விடியலில் மீண்டும் கிளம்பினாள். அப்பா அந்த ஒப்பந்தக்காரரிடம் தனியே விசாரித்திருக்கிறார். "நாலாவது பந்தியிலயும் முகம் சுளிக்கல" என்றாராம் அவர். அதன் பிறகு நான்கு லட்சத்தைப் பற்றி அப்பா வாய் திறக்கவில்லை.

தரமணியில் இடம் கிடைத்தால் வங்கிக் கடனில் படிப்பது, கிடைக்காவிட்டால் அங்கேயே ஒன்றரை ஆண்டுச் சமையல் சான்றிதழ்ப் படிப்புக்கு முயல்வது, சங்கிலியை அடகு வைத்து ஆறு லட்சத்துக்குப் போவதில்லை என்பது வீட்டில் முடிவாயிற்று. ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களைத் தரமணியில் அரசுச் செலவில் படிக்க வைக்கும் திட்டமொன்றைத் தாட்கோ அறிவித்திருந்தது. எங்களுக்கு அது பொருந்தாது. பொருந்தும் நண்பர்கள் தம் தம்பி தங்கையருக்காக மாவட்ட அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

இன்னும் ஒரு மலை இருக்கிறது. நுழைவுத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். அதிலும் ஆங்கிலப் பகுதிக்கே வினாக்கள் அதிகம். தமிழ் வழியில் படித்த தங்கை தினமும் இரவு ஆங்கில நாளிதழை உரக்கப் படிக்கிறாள். வேலை முடிந்து வரும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார், புரிந்தவர் போலத் தலையும் ஆட்டுகிறார்.

ஒரு நாள், "அந்தப் படிக்கட்டுல நான் எங்க தாயி வருவேன்?" என்று கேட்டார்.

அவள் விரல்விட்டு எண்ணினாள். "ஒரு கல்லுக்கு முழுப் பொறுப்பு உங்களோடது. செஃப் தெ பார்ட்டி."

அப்பா அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். விண்ணப்பம் போட்டாயிற்று. இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது அவள் தேர்வு எழுதி முடித்திருப்பாள்.