நாவுக்கும் பயிற்சி வேண்டும்

பள்ளியில் ஆங்கிலப் பேச்சுத் தேர்வு நெருங்கினால், சில பெற்றோர் பிள்ளைகளை மக்தபிலிருந்து நிறுத்திவிடுகின்றனர். வீட்டில் அப்பிள்ளைகள் விடைகளை மனனம் செய்கின்றனர். கேள்வி சற்றே மாறினாலும் வாயடைத்து நிற்கின்றனர்.

பிறமொழி கற்பது மார்க்கத்துக்குப் புறம்பன்று. நபி (ஸல்) அவர்களின் கட்டளைப்படி ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் யூதர்களின் மொழியை 15 நாட்களில் கற்றதாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது.

ஓதலை நாம் எவ்வாறு கற்பிக்கிறோம்? உஸ்தாத் ஓத, பிள்ளை கேட்டுத் திருப்பி ஓதுகிறது. பிழை அங்கேயே திருத்தப்படுகிறது. ஆங்கிலப் பேச்சுக்கும் அவ்வழியே ஏற்றது. ஆகவே, மக்ரிபுக்குப் பின் ஓதல் முடிந்ததும் 10 நிமிடம் பிள்ளைகளை இருவர் இருவராக அமர்த்துகிறோம். ஒருவர் கடைக்காரர், மற்றவர் விலை கேட்பவர். பிழை நேர்ந்தால் எவரும் சிரிக்கலாகாது என்பதே விதி.

ஆங்கிலம் அறியாத தாயும் வீட்டில் பிள்ளையின் பேச்சைப் பொறுமையுடன் கேட்கலாம். ஏளனத்துக்கு அஞ்சும் நாவு எம்மொழியிலும் தயங்கும்.