காலை ஐந்து மணி இல்லாத ஊரில் நல்ல பழக்கங்கள்

எங்கள் வகுப்பில் இப்போது எல்லோரும் திருந்திக் கொண்டிருக்கிறார்கள். ஒருவன் காலை 5 மணிக்கு எழுந்து வெந்நீர் குடிக்கிறான். ஒருத்தி தினமும் 10,000 அடி நடந்து கணக்கு வைக்கிறாள். இன்னொருவன் "21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும்" என்று காலண்டரில் சிவப்பு மையால் டிக் அடித்துக் கொண்டிருந்தான். எட்டாம் நாளோடு டிக் நின்றுவிட்டது, பாவம்.

நல்ல விஷயங்கள்தான், கிண்டல் செய்யவில்லை. ஆனால் இந்த அறிவுரைகளை எங்கள் ஊரில் போய் யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். எனக்குச் சொந்த ஊர் பழவேற்காடு. பொன்னேரியில் இருந்து பஸ் ஏறினால் கடைசி நிறுத்தம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, நடுவில் குப்பங்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கட்டிய ஜெல்ட்ரியா கோட்டையின் இடிபாட்டையும் அவர்கள் கல்லறைகளையும் பார்க்க வருகிறவர்கள் உண்டு. பனிக்காலத்தில் பூநாரை பார்க்க வருகிறவர்கள் அதைவிட அதிகம். ஊர்க்காரர்களுக்கு ஏரி என்றால் இறால், நண்டு, மடவை. அதாவது சோறு.

முதலில் அந்த எண்களின் கதையைப் பார்த்துவிடுவோம். 21 நாள் கணக்கு, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய புத்தகத்தில் இருந்து கிளம்பியது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புதிய முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. 10,000 அடி, 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை அளக்கும் கருவியின் பெயர். 'மான்போ-கே' என்றால் பத்தாயிரம் அடி மானி என்று பொருள்.

உண்மையில் எத்தனை நாள் ஆகும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடன் பணியாற்றியவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். 2010-ல் அச்சில் வந்த அந்த ஆய்வின்படி, ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளில் இருந்து 254 நாள் வரை வித்தியாசம். எனக்குப் பிடித்தவை அதில் வேறு இரண்டு. ஒன்று, நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் எதுவும் பாழாகவில்லை. இரண்டு, அவர்கள் புதுப் பழக்கத்தை ஏற்கெனவே தினமும் நடக்கிற ஏதோ ஒன்றோடு சேர்த்துச் செய்தார்கள். "காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு" என்பது போல.

இந்த இரண்டாவதுதான் எங்கள் ஊருக்குப் பொருந்துகிறது. காரணம், எங்கள் ஊரில் நாள் என்பது கடிகாரத்தில் தொடங்குவதில்லை.

ஏரித் தண்ணீர் முகத்துவாரம் வழியாகக் கடலோடு ஏறி வற்றுகிறது. ஏத்தமும் வத்தமும் நிலாவின் கணக்கு. அது ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பிந்தும். இன்று ராத்திரி 2 மணிக்கு என்றால் நாளைக்கு ஏறத்தாழ 2.50. ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் தள்ளிப்போய்விடும். இதில் காற்று வேறு. வாடை பலமாக அடித்தால் படகு எடுக்க முடியாது. இதற்கு மேல் பாடு இருக்கிறது. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்று முறை வைத்துக்கொள்ளும் பழைய ஏற்பாட்டுக்குத்தான் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகியவை வழிவழியாக இப்படி முறை வைத்துச் சுத்து வலை போட்டு வந்த ஊர்கள். இந்த உரிமை எல்லோருக்கும் கிடையாது என்பதும் உண்மை. இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடித்துப் பனை ஓலைப் பறியில் போடுகிறார்கள். மணிக்கணக்கில் குனிந்தபடியே வேலை. அவர்களிடம் போய் "தினமும் 10,000 அடி நடங்கள்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு இரத்த அழுத்தம். தினம் ஒரு மாத்திரை. உறையில் "காலை, உணவுக்குப் பின்" என்று எழுதிக் கொடுத்தார்கள். எந்தக் காலை? அப்பா சில நாள் காலையில் தண்ணீரில் இருப்பார், சில நாள் தூக்கத்தில் இருப்பார். சாப்பாடும் அப்படித்தான். போகும்போது பழைய சோறு, வந்தபின் எப்போதோ குழம்பு. அதனால் மாத்திரை வாரத்தில் மூன்று நாள் போனால் அதிகம். தலை வலித்தால் மட்டும் ஞாபகம் வரும். இரத்த அழுத்தத்தில் வம்பே இதுதான். பெரும்பாலும் வலிக்காது. வலிக்காமலே இருந்து ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வரும். எங்கள் தெருவில் ஒருவர் வலையைக் கையில் பிடித்தபடியே படகில் சாய்ந்தார். அன்று முதல் அம்மாவுக்கு இந்த மாத்திரை உறையைப் பார்த்தாலே பயம்.

அம்மாதான் வழி கண்டுபிடித்தார். அப்பா தினமும் எதை விடாமல் செய்கிறார் என்று யோசித்துப் பார்த்தார். எந்த நேரத்தில் திரும்பி வந்தாலும், நடுராத்திரியே ஆனாலும், உப்புப் போக நல்ல தண்ணீர் ஊற்றிக் குளிக்காமல் வீட்டுக்குள் வரமாட்டார். உப்பு காய்ந்தால் உடம்பு அரிக்கும். கரையில் நிற்கிற நாளிலும் வலை சரிபார்த்துவிட்டு வந்து குளிப்பார். ஆகவே மாத்திரை டப்பா சமையலறையில் இருந்து, ஈரம் படாமல் மூடி போட்டு, துண்டு தொங்கும் ஆணிக்குப் பக்கத்துப் பலகைக்கு வந்தது. குளி, துடை, மாத்திரை, ஒரு சொம்பு தண்ணீர். நேரம் இப்படி முன்பின் ஆகலாமா என்று மருத்துவரிடம் கேட்டோம். "இந்த மாத்திரைக்குச் சில மணி நேரம் மாறினால் பரவாயில்லை, விடாமல் போடுவதுதான் முக்கியம்" என்றார். எல்லா மாத்திரைக்கும் இது பொருந்தாது, நீங்களும் கேட்டுவிட்டே செய்யுங்கள். இப்போது நான்கு மாதம் ஆகிறது. விட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மாத்திரை தீர்ந்துபோகும் கவலையும் இல்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வருகிற அக்கா அழுத்தமும் பார்த்துவிட்டுப் போகிறார்.

அடுத்தது உப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வீட்டில் ஒரு துண்டு கருவாடே அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். "கருவாட்டை விடு" என்று எங்கள் ஆயாவிடம் சொல்ல முடியுமா? வீட்டை விட்டு என்னை விரட்டிவிடுவார். அம்மா இப்போது கருவாட்டை வெந்நீரில் இரண்டு முறை ஊற வைத்து, இரண்டு முறையும் தண்ணீரைக் கொட்டுகிறார். குழம்பில் தனியாக உப்பு போடுவதில்லை. முன்பும் ஊற வைப்பார், ஒரு முறை. பழைய வழக்கத்தோடு இன்னொரு முறை சேர்ந்தது, அவ்வளவுதான். ஆயா முதல் வாரம் முணுமுணுத்தார். பிறகு விட்டுவிட்டார்.

மூன்றாவது தூக்கம். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும் என்கிறார்கள். அது ஒரே மூச்சில் கிடைக்காத ஊர் எங்களுடையது. தொழில் புரட்சிக்கு முன் ஐரோப்பாவிலும் மக்கள் ராத்திரியை இரண்டு தூக்கமாகத் தூங்கியதை வரலாற்றாசிரியர் ரோஜர் எகிர்ச் எழுதியிருக்கிறார். அதற்காக எங்கள் தூக்கம் நல்ல தூக்கம் என்று பெருமை பேச வரவில்லை. ராத்திரி வேலை உடம்புக்குக் கெடுதல் என்பது தெரிந்ததே. நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். அப்பா வந்து படுத்தால் ஜன்னலில் பழைய போர்வை தொங்கும், டிவி நிற்கும், தெருவில் யாரும் கூப்பிடமாட்டார்கள். அந்தத் தூக்கத்தை வீடே சேர்ந்து காவல் காக்கிறது.

எனக்கும் ஒரு பழக்கம் உண்டு. பொன்னேரியில் ரயிலில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் நோட்டை எடுத்து, முந்தைய நாள் படித்ததில் இருந்து மூன்று வரி எழுதுவேன். ரயில் தாமதமாகலாம், நான் தாமதமாகலாம், ஆனால் உட்காராமல் சென்னை போனதில்லை. சரி, கூட்ட நாளில் நின்றுகொண்டு போயிருக்கிறேன். அன்று எழுதுவதில்லை. மறுநாள் எழுதுவேன். ஒன்றும் குடிமுழுகவில்லை.

நண்பர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான்:

1. புதுப் பழக்கத்துக்கு மணி குறிக்காதீர்கள். தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலையைக் கண்டுபிடித்து அதன் பின்னால் கட்டுங்கள்.

2. தேவையான பொருளை அந்த இடத்திலேயே வையுங்கள். மாத்திரை துண்டுக்குப் பக்கத்தில், தண்ணீர் பாட்டில் புத்தகப் பையில்.

3. ஒரு நேரத்தில் ஒன்று போதும்.

4. வீட்டில் ஒருவரையாவது கூட்டுச் சேருங்கள்.

5. ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடருங்கள். காலண்டரைக் கிழிக்க வேண்டாம்.

போன வாரம் ஊருக்குப் போனபோது அழுத்தம் பார்க்கும் அக்கா வந்திருந்தார். அப்பாவுக்கு முன்பு 160-ஐத் தாண்டும் மேல் எண் இப்போது 138. இன்னும் குறைய வேண்டும் என்றார். அம்மா அந்த எண்ணைச் சுவர் காலண்டரில் பென்சிலால் எழுதி வைத்தார். அப்பா அப்போது தூங்கிக் கொண்டிருந்ததால், பார்த்த சீட்டைத் துண்டுப் பலகையில் வைத்துவிட்டு வந்தேன்.