ஜாரோ ஊர்ப் பெண்கள்

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது அறிந்த ஓர் ஊர் ஜாரோ. ஒரு காலத்தில் உலகின் கப்பல்களில் பெரும்பகுதியைக் கட்டிய பிரித்தானியாவில், டைன் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1852 முதல் பாமர்ஸ் கப்பல் தளம்தான் அவ்வூருக்குச் சோறு போட்டது. 1930களில் உலக வர்த்தகம் படுத்துவிட, கப்பல் கட்டும் முதலாளிகள் கூடி அமைத்த கம்பனியொன்று 1934இல் அத்தளத்தை வாங்கி மூடியது. 40 வருடங்களுக்கு அங்கே கப்பல் கட்டக்கூடாது என்பது நிபந்தனை!

வேலை போனது ஆண்களுக்கு என்றே எழுதியிருக்கிறார்கள். அடுப்பு எரியாமல் போனது யாருக்கு? உதவிப்பணம் கொடுக்குமுன் அதிகாரிகள் வீடு தேடி வந்து வருமானத்தைத் துருவினார்கள். மகன் உழைத்தால் தகப்பனின் பணம் குறைந்தது. நிவாரணப் படிவங்களோடு வீடு வீடாகப் போகும் எனக்கு அந்தக் காட்சி நன்றாக விளங்குகிறது. இப்படியான கேள்விகளுக்குப் படலையடியில் நின்று பதில் சொல்வது அநேகமாகப் பெண்தான். உங்களில் பலருக்கு இது புதிதல்ல.

1936 ஒக்டோபரில் 200 ஆண்கள் மனுவொன்றைச் சுமந்துகொண்டு லண்டனுக்கு நடந்தார்கள். ஊர்ப் பெண்களை அந்த நடையில் சேர்க்கவில்லை. இடைக்கிடை கூட நடந்தவர் அவ்வூர்ப் பாராளுமன்ற உறுப்பினர் எலன் வில்கின்சன். மனுவைச் சபையில் சமர்ப்பித்தவரும் அவரே. அரசு கைவிரித்தது. நடந்த நாட்களில் வேலைக்கு ஆயத்தமாக இருக்கவில்லை என்று உதவிப்பணத்திலும் வெட்டு! அந்த நாட்களில் பிள்ளைகளுக்கு எதைக் காய்ச்சிக் கொடுத்தார்களோ.

1939இல் யுத்தம் வந்தது. கப்பல்கள் மறுபடி தேவைப்பட்டன. பிரித்தானியக் கப்பல் தளங்களில் பெண்களையும் இரும்பு ஒட்டும் வேலைக்கு எடுத்தார்கள். யுத்தம் முடிந்ததும் அவர்களில் பெரும்பாலானோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.