மின்குமிழும் வினாவும்

மின்கலத்திலிருந்து புறப்படும் மின்னோட்டம் மின்குமிழை ஒளிரச் செய்தபின் குறைந்துவிடும் என்றே மாணவர் பலர் எண்ணுவர். ‘குறையாது’ என ஆசிரியர் கரும்பலகையில் எழுதிவிடுவதால் அவ்வெண்ணம் அகல்வதில்லை. பரீட்சை முடியும்வரை ஒளிந்திருக்கும், அவ்வளவே.

பௌதிகவியலுக்கான நோபெல் பரிசை 2001இல் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், அடுத்த ஆண்டே கொலராடோப் பல்கலைக்கழகத்தில் ‘பெட்’ என்னும் திட்டத்தைத் தொடக்கினார். ஆய்வுகூடத்தைத் திரையிற் கொணரும் அதன் இணையச் செய்முறைகளுக்குக் கட்டணமில்லை. தமிழிலும் சில உள. திரையிலே கம்பி தொடுக்கும் மாணவன், குமிழுக்கு முன்னும் பின்னும் இலத்திரன்கள் ஒரே வேகத்தில் ஊர்வதைக் காண்கிறான். அப்படியாயின் செலவாவது எது? அவ்வினா அவனுடையதே. மெய்யான ஆய்வுகூடத்தில் இலத்திரனைக் கண்டவர் யார்?

அக்குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வொன்றில், திரையிற் பயின்றோர் பின்னர் மெய்யான சுற்றை அமைப்பதிலும் விளக்குவதிலும் முந்தி நின்றனர். ஆயினும், படிப்படியான அறிவுறுத்தல்களைக் கையிற் கொடுத்தால் மாணவரின் தேடல் அவற்றோடு நின்றுவிடுவதையும், பொதுவான ஒரு வினாவை மட்டும் கொடுத்தால் அது விரிவதையும் அவர்களே பின்னர் கண்டனர். ஆசிரியருக்கு இது சற்றுக் கசப்பான செய்திதான்.

மின்கலத்தின் இரு முனைகளையும் வெறுங்கம்பியால் இணைத்தால் திரையில் தீச்சுவாலை எழும். அறிவுறுத்தல் தாள் அதைக் கேட்பதில்லை. தனித்து விடப்பட்ட மாணவனோ அதையும் செய்துபார்க்கக்கூடும்.