ஏச்சும் மறுமொழியும்

பல்கலைக்கழக விடுதியில் நாம் தங்கியிருந்த காலத்தில், மருத்துவ பீடத்து நண்பர் ஒருவரின் கணினியில் அமெரிக்க நகைச்சுவைத் தொடரொன்று முழுமையாகக் கிடந்தது. ஆங்கிலம் பழகுவதற்கென அவர் சேர்த்து வைத்திருந்தது அது. தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற எமக்கு அந்த விரைவான ஆங்கிலத்திற் பாதி விளங்குவதில்லை. ஆயினும் இராச்சாப்பாடு முடிந்ததும் நாலைந்து பேர் ஒரே கட்டிலில் நெருங்கியிருந்து அதனைப் பார்ப்பது வழக்கமாயிற்று. 'பெக்கர்' என்பது தொடரின் பெயர். 1998 நவம்பரிலிருந்து 2004 ஜனவரி வரை, 129 பகுதிகளாக, சீ.பீ.எஸ். தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அதைப்பற்றி இன்று பேசுவார் அதிகம் இல்லை. எமக்கு அது மறக்கமுடியாமற் போனதற்கு வேறொரு காரணம் உண்டு. அதனைப் பின்னர் சொல்கிறோம்.

கதையென்று பெரிதாக ஒன்றுமில்லை. ஹார்வார்டிற் கற்ற ஜோன் பெக்கர் என்னும் வைத்தியர், பணம் புரளும் இடங்களை விட்டு, நியூயோர்க் நகரத்தின் வறிய பகுதியாகிய பிரொங்ஸில் ஒரு சிறு வைத்திய நிலையம் நடத்துகிறார். இரண்டு மணங்களும் முறிந்து தனியாக வாழ்பவர். நோயாளருக்குப் புகைக்காதே என்று புத்தி சொல்லிவிட்டு வெளியே வந்து சிகரெட் பற்ற வைப்பவர். உலகத்தில் அவருக்கு ஒத்துவருவது எதுவுமில்லை. அடுத்த வீட்டுச் சத்தம், தெருவில் ஒழுங்கின்றிக் கார் ஓட்டுபவன், படிவத்துக்கு மேற் படிவம் கேட்கும் காப்புறுதிக் கொம்பனி, தம் உடம்பைத் தாமே கெடுத்துக்கொண்டு வரும் நோயாளர் என்று அனைவருக்கும் ஒரே ஏச்சு. ஆயினும் காசில்லை என்பதற்காக ஒருவரை அவர் திருப்பி அனுப்புபவர் அல்லர். அந்நாட்டில் அக்காலத்தில் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் மருத்துவக் காப்புறுதி எதுவுமின்றி இருந்தனர் என்பதை நினைத்தால், அவருடைய வைத்திய நிலையத்தின் பெறுமதி விளங்கும். அவருடைய கோபத்தில் நியாயம் இல்லையென்று எவர் சொல்வார்?

வைத்திய நிலையத்தில் எரிந்து விழும் இம்மனிதர் மூச்சு வாங்குவதற்குச் செல்லும் இடம் அருகிலுள்ள ஒரு டைனர். டைனர் என்பது எமது தேநீர்க்கடைக்கும் சாப்பாட்டுக்கடைக்கும் இடைப்பட்டதொன்று. 1872இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் புரொவிடன்ஸ் நகரில், வால்ரர் ஸ்கொட் என்பவர் பத்திரிகைக் காரியாலயமொன்றின் அருகே குதிரை வண்டியை நிறுத்தி, இரவு வேலையாட்களுக்கு உணவு விற்றதே அதன் தொடக்கம் என்பர். பின்னர் வண்டி கடையாயிற்று. நியூயோர்க்கில் கிரேக்கக் குடியேறிகள் பலர் அதனைத் தொழிலாகக் கொண்டனர். தொடரில் வரும் கடைக்காரி ரெஜியின் குடும்பப் பெயரும் கொஸ்ரஸ் என்ற கிரேக்கப் பெயரே. தந்தை விட்டுப்போன கடையைச் சலிப்போடு நடத்துகின்ற இவள், பெக்கருக்கு முன்னாற் கோப்பியை வைக்கும்போதே அவருக்கு உறைக்கும்படி ஒரு சொல்லும் வைப்பாள். கடைக்குள்ளேயே பத்திரிகை விற்கும் ஜேக் கண்பார்வையற்றவர், கறுப்பினத்தவர். அவரை ஏய்க்க முடியாது. பொப் என்றொருவன், தன்னைப்பற்றிப் பேசும்போதும் "பொப் இதை விரும்பமாட்டான்" என்ற பாங்கிற் பிறரைக் குறிப்பது போலவே பேசுபவன், எவர் விரட்டினாலும் போகாதவன்.

இந்தக் கடையிலேதான் ஹார்வார்ட் வைத்தியரின் மரியாதை கப்பலேறும். அவர் ஒரு ஏச்சு ஏசினால் மூன்று திரும்பி வரும். அவர் தம் சிகரெட்டை எடுத்தால் அவருடைய புத்திமதியே அவருக்குப் பரிமாறப்படும். பெக்கராக நடித்த ரெட் டான்சன், அதற்கு முன்னர் 'சியர்ஸ்' என்ற தொடரில் 1982 முதல் 1993 வரை பொஸ்ரன் மதுச்சாலைக்காரராக நடித்தவர். அங்கே மேசைக்குப் பின்னால் நின்று வந்தவர் போனவர் குறைகளைக் கேட்டவர், இங்கே மேசைக்கு முன்னால் அமர்ந்து தம் குறைகளைச் சொல்கிறார். அது தற்செயலாக அமைந்ததாக எமக்குத் தோன்றவில்லை.

அந்த மேசைக்கு முன்னால் எவரும் அமரலாம் என்பதும் இலேசாக வந்ததன்று. 1960 பெப்ரவரி 1ஆம் திகதி, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரிற் கறுப்பின மாணவர் நால்வர் ஒரு கடையின் உணவு மேசையில் அமர்ந்தனர்; பரிமாற மறுத்தபோது எழுந்து போகவும் மறுத்தனர். ஜூலையில் அந்த மேசை எல்லோருக்கும் திறந்தது. எமது யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வெளியே வைத்துப் போத்தலில் தேநீர் கொடுத்த கதையை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. சட்டம் ஏட்டிற் கிடந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்த ஆண்டுகளிற் சாவகச்சேரி, நெல்லியடி முதலிய இடங்களில் நடந்த தேநீர்க்கடைப் பிரவேசங்களுமே மக்களைக் கடைக்குள்ளே வாங்கிலில் அமர்த்தின.

இவ்வளவும் விடுதியிற் படம் பார்த்தபோது எமக்குத் தோன்றியவை அல்ல. அன்று நாம் சிரித்தோம், அவ்வளவே. ஏசுகின்ற மனிதரைக் கண்டு சிரிப்பதற்கு ஆசிரியராகப் போகிறவருக்கு ஒரு தனித் தகுதியும் உண்டு. இன்று நாற்பத்திரண்டு பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் நாம் ஏசுகின்ற ஏச்சிற் சிலவற்றை அவரிடமே கற்றிருப்போம் போலும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது தாயாரை நீரிழிவுக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. அரசாங்க வைத்தியசாலை, காசு வாங்காத வைத்தியசாலை. அந்தப் பெருமையை முதலிற் சொல்லிவிடவேண்டும். பிரொங்ஸ் நோயாளியை வாட்டும் கட்டணச்சிட்டை எமது தாயாரை ஒருநாளும் வாட்டியதில்லை. காலை 5 மணிக்கே இலக்கம் எடுக்கச் சென்றோம். டொக்டர் வந்தபோது வாங்கில்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தனர். அவருக்கு எம்மிலும் வயது குறைவு. முகத்தில் நித்திரை இன்மை தெரிந்தது. தாயாரின் முறை வந்ததும் கிளினிக் கொப்பியைப் புரட்டினார்.

"எத்தனை தரம் சொல்லுறதம்மா? சோத்தைக் குறையுங்கோ எண்டால் விளங்காதோ? காலைக் கழட்டின பிறகுதான் விளங்குமோ?"

"ஓம் ஐயா" என்றார் தாயார்.

பெக்கர் சொல்லியிருந்தால் நாம் கட்டிலிலிருந்து விழுந்து சிரித்திருக்கக்கூடிய வசனம் அது. இங்கே பின்னணியிற் சிரிப்பொலி எழவில்லை. வாங்கில்களில் இருந்தோர் நிலத்தைப் பார்த்தனர். நாம் குடையையும் பையையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றோம். சோற்றைக் குறைத்தால் அதற்குப் பதிலாக எதைத் தின்பது, மாதக் கடைசியில் வயிற்றை நிரப்பும் மலிவான பண்டம் வேறென்ன என்று கேட்டிருக்கலாம். டொக்டரும் கெட்டவர் அல்லர். ஒரு காலைப்பொழுதில் நூறு பேரைப் பார்த்து முடிக்கவேண்டியவர் அதனை விளக்கிக்கொண்டிருக்க எங்கே நேரம்? மருந்தைச் சரியாகவே எழுதினார். இரண்டு நிமிடத்தில் அடுத்தவர் பெயர் கூப்பிடப்பட்டது.

அதன் பின்னர் ஒரு விடுமுறையில் அந்தத் தொடரை மீண்டும் தேடிப் பார்த்தோம். சிரிப்பு வந்தது, பொய் சொல்வதற்கில்லை. ஆனால் முன்னர் காணாத ஒன்றையும் கண்டோம். டைனரில் வைத்தியருக்கு எல்லோரும் திருப்பிக் கொடுக்கின்றனர். வைத்திய நிலையத்திலும் மார்கரெட் என்னும் கறுப்பினத் தாதி அவரை அடக்கி ஆள்கிறாள். வேலை தெரியாத உதவியாளர் லிண்டாவும் அவருக்குப் பயந்தவள் அல்லள். நோயாளர் மட்டும் வேறு. அவர்கள் ஒரு விசித்திரமான வருத்தத்தோடு வருவார்கள், ஏச்சு வாங்குவார்கள், நாம் சிரிப்போம், அவர்கள் போய்விடுவார்கள். மறுமுறை அவர்களை நாம் காண்பது அரிது. நியாயமான கோபம் எல்லாம் வைத்தியருக்கே சொந்தம். நோயாளருக்குக் கோபம் வந்தாலும் அது பகிடியாகவே முடியும்.

பிரொங்ஸின் வரலாறு இவ்வாறு இருக்கவில்லை. 1970க்கும் 1980க்கும் இடையில் அப்பகுதியின் சனத்தொகை ஏறக்குறைய மூன்று இலட்சத்தாற் குறைந்தது. வீடுகள் எரிந்தன, தெருக்கள் பாழாயின. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில், 1970 ஜூலை 14 அதிகாலையில், 'யங் லோர்ட்ஸ்' எனப்படும் புவெர்ட்டோ ரிக்கோ வழிவந்த இளைஞரின் இயக்கம், தென் பிரொங்ஸிலிருந்த லிங்கன் வைத்தியசாலைக்குள் நுழைந்து ஒரு கட்டடத்தைக் கைப்பற்றியது. இடிந்துகொண்டிருந்த பழங் கட்டடம் அது. அயல் மக்கள் அதனைக் கசாப்புக்கடை என்றே அழைத்து வந்தனர். அன்று மாலைக்குள் இளைஞர் வெளியேறிவிட்டனர். ஆனால் நோயாளரை மரியாதையோடு நடத்தவேண்டும், கொடுக்கும் சிகிச்சையை விளக்கிச் சொல்லவேண்டும், வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் நோயாளருக்கு உண்டு என்ற கோரிக்கைகள் அங்கிருந்து எழுந்தன. அவர்களுக்கு ஆதரவாக நின்றோரில் அந்த வைத்தியசாலையின் இளம் வைத்தியர்களும் இருந்தனர் என்பதை ஊன்றிக் கவனிக்கவேண்டும். 1976இற் புதிய கட்டடம் திறக்கப்பட்டது.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அதே பிரொங்ஸைக் களமாகக் கொண்டு தொடர் எழுதியவர்கள், நோயாளர் வாய் திறந்த கதையை விட்டுவிட்டு வைத்தியரின் வாயை மட்டும் எடுத்துக்கொண்டனர். விளம்பரத்தில் வாழும் தொலைக்காட்சியிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியுமா என்று நண்பர்கள் கேட்கின்றனர். முடியாதுதான். ஆனால் டைனர்க் காட்சிகளை எழுதிய அதே கை, ஒரு கண்பார்வையற்ற பத்திரிகை விற்பனையாளருக்குக் கொடுத்த நாக்கை நோயாளருக்கும் கொடுத்திருந்தால் நகைச்சுவை குறைந்திருக்காது, கூடியிருக்கும் என்பதே எம் எண்ணம்.

ஏனெனில் அந்த நகைச்சுவையை நாம் நேரிற் கண்டோம். அன்று கிளினிக் முடிந்ததும் தாயார் நேரே சென்றது வைத்தியசாலை வாசலுக்கு எதிரேயுள்ள தேநீர்க்கடைக்கு. உள்ளே எங்களோடு வரிசையில் இருந்தோர் சிலர் எமக்கு முன்பே வந்து அமர்ந்திருந்தனர்.

"அம்மா, சீனி போடலாமோ?" என்றார் கடைக்காரர்.

"போடு தம்பி, நல்லாப் போடு. ஏச்சுத்தான் வாங்கியாச்சே, பிறகென்ன?"

கடை சிரித்தது. தாயார் மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கிளினிக் கொப்பியைத் தலைகீழாகப் பிடித்துப் புரட்டி, டொக்டரின் குரலிலேயே, "காலைக் கழட்டின பிறகுதான் விளங்குமோ?" என்றார். எமது தாயாருக்கு இப்படியொரு நடிப்பு வரும் என்பது அன்றுவரை எமக்குத் தெரியாது. மூலையிலிருந்த முதியவர் ஒருவர், "ஒண்டைக் கழட்டினால் செருப்புக்காசிலை பாதி மிச்சம் எண்டு சொல்லியிருக்க வேணும்" என்றார். இன்னொரு பெண் தாம் சென்ற மாதம் வாங்கிய ஏச்சை எடுத்துவிட்டார். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இவர்கள்தாமா என்றிருந்தது. "பாவம், அந்தப் பெடியனும் காலமை ஒண்டும் சாப்பிட்டிருக்க மாட்டான்" என்றும் தாயார் இடையிற் சொன்னார்.

நாம் சிரித்து முடிந்த பின், "இதையெல்லாம் உள்ளுக்கே சொல்லியிருக்கலாமே அம்மா?" என்று கேட்டோம்.

தாயார் தேநீரை ஆற்றிக்கொண்டே எம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"பக்கத்திலை நிண்டனி, நீ ஏன் சொல்லேல்லை?"

நாம் தேநீருக்குக் காசு கொடுக்க எழுந்தோம்.