பேசிக்கொண்டே ஓடுகிறவர்கள்

காட்டாங்குளத்தூரில் விடிகாலை ஐந்து மணிக்கு ஓடுகிறவர்கள் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். வீட்டுமனை விலை, பையனின் நீட் கோச்சிங், மாடிக்குத் தண்ணீர் ஏற்றாத மோட்டார், பொத்தேரியில் புதிதாகத் திறந்த பிரியாணிக் கடை. ஜிஎஸ்டி சாலையில் லாரிகள் இரைந்து போகும். அதற்கும் மேலே இவர்கள் குரல். ஊர் மாறி வந்து இந்தக் குழுவில் சேர்ந்ததிலிருந்து என் மனம் சுற்றிச் சுற்றி வருவது இந்தப் பேச்சைத்தான். ஓடிக்கொண்டே எப்படி இவ்வளவு பேசுகிறார்கள்?

விடை எளிது. பேச முடிகிற வேகத்தில்தான் ஓடுகிறார்கள். வாரத்தில் பெரும்பாலான நாட்கள் ‘ஈஸி ரன்’தான். பேச்சு திக்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். உடம்பின் கணக்கும் அதுதான். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல, மூச்சை மெல்ல அளந்து வெளியே விட வேண்டும். நிதானமாக ஓடும்வரை அதற்கு இடமிருக்கிறது. வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால், செலவாவதைவிட விரைவாக லாக்டேட் ரத்தத்தில் சேரத் தொடங்குகிறது. கூடவே வரும் அமிலத்தை ரத்தத்திலுள்ள பைகார்பனேட் சமன் செய்கிறது. அதில் கரியமில வாயு கூடுதலாக உண்டாகிறது. அதை வெளியேற்ற மூச்சு தானாக விரைகிறது. அப்புறம் பேச்சுக்கு ஏது நேரம்? மணிக்கட்டில் கார்மின் கடிகாரம் கட்டியிருப்பவருக்கும் இந்த எல்லையை முதலில் சொல்வது வாய்தான்.

இந்தப் பழக்கத்தின் கதையைத் தேடிப் போனால் நியூசிலாந்தில் போய் நிற்கிறோம். ஆக்லாந்தில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் ஆர்தர் லிடியார்ட். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்பதையெல்லாம் முதலில் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர். பிறகு ஒவைராகா என்ற தன் பேட்டையின் பையன்களைச் சேர்த்துக்கொண்டு பயிற்சி கொடுத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். பாரி மகீக்கு மாரத்தானில் வெண்கலம். ஒரு பேட்டைக் குழுவுக்கு இவ்வளவு!

லிடியார்ட் அடுத்துச் செய்த காரியம் எனக்கு இதைவிடப் பிடித்தது. மாரடைப்பு வந்தவரைப் படுக்கையிலேயே கிடத்தி வைத்த காலம் அது. இதயக் கோளாறு கண்டவர்களும் தொந்தி சரிந்த நடுவயதுக்காரர்களும் பேசியபடி மெல்ல ஓட, அவருடைய வழிகாட்டலில் 1962-ல் ஆக்லாந்து ஜாகர்ஸ் கிளப் தொடங்கியது.

அந்த ஆண்டுக் கடைசியில் அமெரிக்காவிலிருந்து பில் பவர்மேன் அங்கே போனார். ஒரிகான் பல்கலைக்கழகத்தின் தடகளப் பயிற்சியாளர். பின்னாளில் நைகி ஆன நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். அப்போது வயது ஐம்பத்தொன்று. வாருங்கள், ஓடலாம் என்று லிடியார்ட் அழைத்துப் போனார். கூட்டம் கிளம்பியது, மேடு வந்தது. உலகத் தரமான வீரர்களை உருவாக்கிய பவர்மேனுக்குச் சிறிது தூரத்திலேயே மூச்சு முட்டியது. எல்லோரும் முன்னே போய்விட்டார்கள். ஆண்ட்ரூ ஸ்டீட்மேன் என்ற பெரியவர் மட்டும் பின்தங்கி வந்து அவரோடு சேர்ந்துகொண்டார். எழுபதைத் தாண்டியவர், மூன்று முறை மாரடைப்பைக் கண்டவர். வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். பவர்மேனால் பதில் சொல்ல முடியவில்லை.

சில வாரங்கள் அங்கே ஓடிவிட்டு ஊர் திரும்பிய பவர்மேன், 1963-ல் யூஜீன் நகரத்து மக்களை மெல்லோட்டத்துக்கு அழைத்தார். நூற்றுக்கணக்கில் திரண்டார்கள். வால்டோ ஹாரிஸ் என்ற இதய மருத்துவரோடு சேர்ந்து அவர் எழுதிய ‘ஜாகிங்’ என்ற நூல் அமெரிக்கா முழுக்கப் பரவியது. தெருவில் சாதாரண மனிதர்கள் ஓடுவது வழக்கமானதில் அந்த நூலுக்குப் பெரிய பங்குண்டு.

நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது ஸ்டீட்மேனை. அவர் பயிற்சியாளர் அல்லர். பின்னால் போ என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் தனியாக வருகிறார். கூடப் போவோம் என்ற எண்ணம், அவ்வளவுதான். வரலாற்றில் ஒரு பெரிய திருப்பம் இப்படி ஒரு மரியாதையில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

எங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் உண்டு. பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்து ஓய்வு பெற்றவர். தோளில் சிறு துண்டு, கையில் டார்ச். ஜிஎஸ்டியைக் கடக்கும்போது அந்த டார்ச்சை லாரிகளின் பக்கம் திருப்பி, இன்னொரு கையை உயர்த்திக்கொண்டு நடுவில் நிற்பார். கடைசி ஆள் தாண்டிய பிறகுதான் நகர்வார்.

“நீங்க முன்னாடி போங்க சார், நான் மெதுவா வர்றேன்” என்று ஒருநாள் சொன்னேன்.

“டீக்கடைக்காரன் ஆறு மணிக்குத்தான் தம்பி திறப்பான். பேசிட்டே வாங்க” என்றார்.

இந்த ஊர் எனக்குக் கிடைத்தது அந்தப் பேச்சில்தான். கம்பெனி பஸ்கள் எந்தெந்த முனையில் நிற்கும், எத்தனை மணிக்கு எந்த ஷிப்ட் இறங்கும் என்பதெல்லாம் அவருக்கு இன்னும் மனப்பாடம். மறைமலை நகரிலிருந்த ஃபோர்டு ஆலையை மூடப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முனையாகக் காலியானதை அவர் முனையின் பெயரோடு சொல்வார். செய்தித்தாளில் நான் படித்தபோது அது வேலை இழப்பவர்களின் வெறும் எண்ணிக்கை. இருட்டில், அந்த முனைகளையே தாண்டி ஓடுகையில் கேட்டது வேறு.

எங்களைப் போன்ற ஓட்டக் குழுக்களுக்கு மூத்த குழுவான சென்னை ரன்னர்ஸ் 2006-ல் தொடங்கியது. பேட்டைக்குப் பேட்டை அதற்குக் கிளை உண்டு. அசோக் நகர்த் தூணை வைத்து ‘பில்லர் பேசர்ஸ்’, அண்ணா நகர் டவரை வைத்து ‘டவர் ட்விஸ்டர்ஸ்’ என்று பெயர்கள். 2012-லிருந்து அவர்கள் நடத்தும் சென்னை மாரத்தானில் எனக்குப் பிடித்த வேலை பேசருடையது. அவர் தன்னால் முடிந்த வேகத்தில் ஓடுவதில்லை. நேரம் எழுதிய கொடியை ஏந்தி, சொன்ன நேரத்துக்குப் பிசகாமல், நம்பி வருகிறவர்களை முடிவுக் கோட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். முந்தியவர்களுக்கு மேடை இருக்கிறது. பேசருக்கும் ஒரு மேடை போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த ஓட்டத்தில் எங்கள் பெரியவர் பத்து கிலோமீட்டருக்குப் பேசர். இருக்கும் கொடிகளில் மிக மெதுவான நேரத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார். நானும் அந்தக் கொடிக்குத்தான் போகிறேன். தமிழறிஞர் மறைமலையடிகள் வாழ்ந்தது பல்லாவரத்தில். அவர் பெயரில் நகரம் எழுந்தது இங்கே, ஒரு லாங் ரன் தூரம் தள்ளி. அது ஏன் என்று போன ஞாயிற்றுக்கிழமை பெரியவர் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் டீக்கடை வந்துவிட்டது.